பிளவு எப்போது எதேச்சதிகாரத்துக்கு வழிவிடுகிறது?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் சாலையில் இரண்டு மாநிலங்களின் அரசியலும் ஒரே நாளில் காதில் விழும். கிழக்கே திராவிடக் கட்சிகளின் பேச்சு. மலையைத் தாண்டினால் இடது முன்னணி, ஐக்கிய முன்னணி என்ற பேச்சு. இரு பக்கத்துப் பேச்சிலும் அண்மைக் காலமாக இரண்டு சொற்கள் மலிந்துவிட்டன. சோதனைச் சாவடியில் காய்கறி லாரியை நெடுநேரம் நிறுத்திவைத்தால் அது ‘சர்வாதிகாரம்’ எனப்படுகிறது. தேர்தல் காலத்தில் சுவர் விளம்பரத்துக்காக இரண்டு கட்சிக்காரர்கள் கைகலந்தால் ‘நாடே இரண்டு துருவமாகிவிட்டது’ எனப்படுகிறது. பிளவு முற்றினால் சர்வாதிகாரம் வரும் என்று எல்லாரும் சொல்கிறோம்; அது எந்த வழியாக வரும் என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. அந்த வழியை விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்ற கேள்வி இதில் இடம்பெறாது.

ஒரு குளம், இரண்டு தெரு

மலையடிவாரத்தில் குளத்துப் பாசனத்தை நம்பிய ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே குளம். கார் சாகுபடியானாலும் பிசானமானாலும் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். மடையைத் திறந்து அடைப்பது மடைக்காரரின் பொறுப்பு. அவர் எந்தத் தெருவுக்கும் ஆள் இல்லை, முறைக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். எந்த நாளில் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் போனது என்பதை ஒருவர் நோட்டில் எழுதிவைக்கிறார். தெருக்களுக்குள் சண்டை வருவதுண்டு. ஆனாலும் தங்கள் முறை திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை அது வாய்ச்சண்டையோடு அடங்கிவிடுகிறது.

மழை பொய்த்த ஓர் ஆண்டில், ‘மடை அவர்கள் கைக்குப் போனால் நமக்கு இனி ஒரு சொட்டுக் கிடையாது’ என்ற பேச்சு மேலத்தெருவில் பரவுகிறது. அந்தத் தெருவின் பெரிய மனிதர் ஒருவர் மடைக்காரரை விலக்கிவிட்டுத் தம் ஆளை அமர்த்துகிறார். இது முறைகேடு என்பது மேலத்தெருக்காரர்களுக்குத் தெரியும். கீழத்தெருவின் மீதுள்ள பயத்தில் பேசாமல் இருக்கிறார்கள். அடுத்து நோட்டு எழுதுவது நிற்கிறது. அதற்கும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பருவம் கழித்து, பெரிய மனிதர் தம் வயலுக்கு மட்டும் கூடுதலாகத் தண்ணீர் விடுவதை மேலத்தெருக்காரர் ஒருவரே தட்டிக் கேட்கிறார். அன்றோடு அவர் வயலுக்கும் தண்ணீர் நிற்கிறது. முறையிட மடைக்காரர் இல்லை, எடுத்துக்காட்ட நோட்டும் இல்லை.

நாட்டு அரசியலில் முறை என்பது தேர்தல். மடைக்காரர் என்பது நீதிமன்றமும் தேர்தல் ஆணையமும் கட்சி சாராத அலுவலர்களும். நோட்டு என்பது பத்திரிகை. கீழத்தெரு எவ்வளவு கூச்சலிட்டாலும் பெரிய மனிதரை அது தடுத்திருக்காது, ஏனெனில் அவர் அவர்களுடைய ஆதரவை நம்பி நிற்கவில்லை. தடுக்க முடிந்தது மேலத்தெருவால் மட்டும்தான். மீதிக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு செய்தியின் விரிவே.

துருவமயமாதல் என்பது என்ன

கருத்து வேற்றுமை எல்லாச் சமூகத்திலும் உண்டு, இருக்கவும் வேண்டும். ஒரு மனிதர் மொழியால் ஒரு கூட்டத்தோடும், தொழிலால் இன்னொரு கூட்டத்தோடும், வழிபாட்டால் வேறொரு கூட்டத்தோடும் சேர்ந்திருப்பார். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் வியாபாரியின் அரசியல் தமிழகத்தில் இருக்கலாம். அவருடைய வரவு செலவு புனலூரிலும் கொல்லத்திலும் இருக்கிறது. மலையாளிகள் எல்லாரும் நமக்கு எதிரிகள் என்று ஒரு மேடையில் சொல்லப்பட்டால் அதை முழுவதும் நம்ப அவரால் முடியாது. இப்படி ஒரே மனிதரைப் பல பக்கமும் கட்டிவைக்கும் உறவுகளைக் குறுக்குப் பிணைப்புகள் என்கிறோம்.

இந்தப் பிணைப்புகள் அறுந்து, மொழி, மதம், சாதி, தொழில், பார்க்கும் தொலைக்காட்சி, வாக்களிக்கும் கட்சி எல்லாம் ஒரே கோட்டின் இரண்டு பக்கமாக வரிசைப்பட்டுவிடும் நிலைதான் துருவமயமாதல். அப்போது ஒருவருடைய கட்சி தெரிந்தால் மற்ற எல்லாமும் தெரிந்துவிடும். ஒரு கேள்வியில் தோற்றால் எல்லாக் கேள்வியிலும் தோற்றதாக உணர்வு வரும்.

இதில் இரண்டு வகை உண்டு. நிலவரி, இட ஒதுக்கீடு, மதுக்கடை போன்றவற்றில் நிலைப்பாடுகள் தொலைவாக விலகிப்போவது கொள்கைவழித் துருவமயமாதல். எதிர்க் கட்சிக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு முன்பே அவர் மீது வெறுப்பும் அச்சமும் எழுவது உணர்வுவழித் துருவமயமாதல். அமெரிக்காவில் இதைக் கல்யாணத்தை வைத்து அளந்தார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க் கட்சிக் குடும்பத்தில் மணம் செய்தால் வருந்துவீர்களா என்று கேட்டார்கள். 1960ஆம் ஆண்டில் ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் வருந்துவோம் என்றார்கள். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. கட்சியே ஒரு சாதியைப் போல ஆகிவிடுவது எப்படி என்று விளங்கிக்கொள்ள நமக்கு அதிக முயற்சி தேவையில்லை.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். சச்சரவு இல்லாத சமூகம் நல்ல சமூகம் என்பதில்லை. செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் சமஸ்தானத்தையே இரண்டாக்கியது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டவர்களும் மறுத்தவர்களும் சமமாகப் ‘பிளவை உண்டாக்கினார்கள்’ என்று சொல்வது நியாயமில்லை. உரிமை மறுக்கப்பட்டவர் குரல் எழுப்பும்போது ஊர் அமைதி குலையும். அந்த அமைதி அதுவரை யார் செலவில் இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எதேச்சதிகாரம் என்பது என்ன

கண்டிப்பான ஆட்சி, ஊழல் ஆட்சி, பிடிக்காத சட்டம் கொண்டுவரும் ஆட்சி எல்லாம் எதேச்சதிகாரம் ஆகிவிடாது. ஆள்பவரைக் கேள்வி கேட்கவும் அமைதியாக மாற்றவும் மக்களுக்கு உள்ள வழிகள் ஒவ்வொன்றாக அடைபடுவதே எதேச்சதிகாரம். எல்லா வழியும் முற்றாக அடைபட்ட நிலையைச் சர்வாதிகாரம் என்று கொண்டால் போதும்.

இந்த இலக்கணத்துக்கு இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. திருவிதாங்கூர் திவானாக, அதாவது மன்னரின் தலைமை அமைச்சராக, இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் 1946 ஜனவரியில் அமெரிக்க மாதிரி என்று சொல்லி ஓர் அரசியல் திட்டத்தை முன்வைத்தார். மக்கள் வாக்களித்துச் சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் திவானை அந்தச் சட்டமன்றம் நீக்க முடியாது. தேர்தல் உண்டு, உறுப்பினர்கள் உண்டு, விவாதமும் உண்டு. ஆள்பவரை மாற்றும் வழி மட்டும் இல்லை. ‘அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்’ என்ற முழக்கம் அதை எதிர்த்து எழுந்ததுதான். அவ்வாண்டு அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் எழுந்தவர்களை ராணுவத்தை வைத்து ஒடுக்கினார்கள். 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது திவானாக இருந்தவரும் இதே சி.பி.தான். ஓர் ஆட்சி நல்ல காரியம் செய்தது என்பதும் அதை நீக்கும் வழி இருக்கிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்குத் தேவையில்லை.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: துருவமயமாதல் மக்களிடையே நிகழ்வது, எதேச்சதிகாரம் ஆட்சியின் அமைப்பில் நிகழ்வது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டையும் இணைப்பது எது என்பதே அடுத்த கேள்வி.

இரண்டையும் இணைக்கும் கணக்கு

ஆள்பவர் விதியை மீறினால் யார் தண்டிப்பார்கள்? எதிர்க்கட்சியின் வாக்காளர் ஏற்கனவே அவருக்கு வாக்களிப்பதில்லை. அவரிடம் தண்டிக்க மிச்சம் ஒன்றும் இல்லை. ஆளும் கட்சிக்கு வாக்களித்து வந்தவர் இம்முறை மாறி வாக்களித்தால்தான் ஆட்சி போகும். ஆகவே ஒரு ஜனநாயகத்தின் கடைசிக் காவல், விதி மீறிய தலைவரின் சொந்த ஆதரவாளர்தான்.

அந்த ஆதரவாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பாருங்கள். அவர் முன்னால் விதி மீறிய தன் கட்சித் தலைவர் ஒருவரும், விதிக்குக் கட்டுப்படும் எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரும் நிற்கிறார்கள். இரு கட்சிகளுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதாக இருந்தால், ‘இந்த முறை அவர்கள் வரட்டும், நம்மவருக்குப் பாடமாக இருக்கும்’ என்று அவர் நினைக்கக்கூடும். எதிர்க்கட்சி வந்தால் தன் மொழிக்கோ மதத்துக்கோ பிழைப்புக்கோ கேடு என்று அவர் நம்பினால், அந்தப் பாடத்தின் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. தன் தலைவர் செய்வது தவறு என்று அறிந்தே வாக்களிப்பார். அவருக்கு ஜனநாயகத்தில் பற்று இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை அவருடைய சக்திக்கு மேல் உயர்ந்துவிட்டது. மாத்யூ கிரகாம், மிலன் ஸ்வோலிக் என்ற இரண்டு அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், தங்களுக்குப் பிடித்த வேட்பாளர் ஜனநாயக நெறியை மீறினால் அதற்காக அவரைக் கைவிடக்கூடியவர்கள் அமெரிக்க வாக்காளர்களில் ஏறத்தாழ 3.5 விழுக்காடுதான் என்று கண்டார்கள். ஜனநாயகம் வேண்டுமா என்று நேராகக் கேட்டால் வேண்டும் என்று சொல்பவர்களே அங்கே மிகப் பெரும்பாலோர்.

இதிலிருந்து இரண்டாவது படி தானாகவே வருகிறது. தொலைவு கூடக் கூடத் தன் மீறல்களுக்கு மன்னிப்பு கிடைக்கும் என்பது ஆள்பவருக்கும் தெரியும். எனவே தொலைவைக் கூட்டுவது அவருக்கு ஆதாயமாகிறது. எதிர்ப்பவர் போட்டியாளர் என்ற நிலையிலிருந்து துரோகி, அந்நியக் கைக்கூலி, நாட்டுக்கு ஆபத்து என்ற நிலைக்குத் தள்ளப்படுகிறார். பிளவு அரசியலின் விளைவாக இருந்தது போய் அதன் கருவியாகிவிடுகிறது.

மூன்றாவது படிதான் மிகவும் தீயது. விதிகளை மீறிய பிறகு ஆட்சியை இழப்பது ஆள்பவருக்கே ஆபத்தாகிவிடுகிறது. வழக்கும் சிறையும் காத்திருக்கும். எதிர்த்தரப்பும் அதற்குள் கொதித்துப்போய், ‘வந்தால் ஒருவரையும் விடமாட்டோம்’ என்று பேசத் தொடங்கியிருக்கும். முதலில் வெறும் வதந்தியாக இருந்த பயம் இப்போது இரு பக்கத்துக்கும் உண்மையாகிவிடுகிறது. தோற்கக்கூடாத தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால், அதை நேர்மையாக நடத்த யாருக்கும் மனம் வராது.

கைபேசியும் வாட்ஸ்அப் குழுக்களும் இந்தச் சுழலை வேகப்படுத்துகின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றையே மூலகாரணமாகச் சொல்லிவிட்டு ஒதுங்குவது சோம்பல். அடுத்துச் சொல்லப்போகும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை கைபேசி வருவதற்கு முன்னால் நடந்தவை.

மலையின் இரு பக்கமும்

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 5 அன்று, மலைக்கு மேற்கே ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் தேர்தல் வழியாக வந்த கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. கல்வி மசோதாவும் நிலச் சீர்திருத்தமும் கத்தோலிக்கச் சபையையும் நாயர் சங்கத்தையும் முஸ்லிம் லீகையும் காங்கிரஸையும் ஒரே அணியில் நிறுத்தின. காவல் துறையிலும் நிர்வாகத்திலும் கட்சிக் கிளைகள் தலையிடுகின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது; அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. விமோசன சமரம் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின் முடிவில், சட்டமன்றத்தில் பெரும்பான்மை இருந்த அரசை 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு, மாநில ஆட்சியைக் கலைக்க இடம்தரும் அரசியலமைப்பின் 356ஆம் பிரிவைக் கொண்டு நீக்கியது. ஜனநாயகவாதிகள் என்று தங்களைக் கருதிக்கொண்ட பலர் அதைக் கொண்டாடினார்கள். அவர்களுடைய அச்சம் பொய்யானது என்று நான் சொல்லவரவில்லை. அடுத்த தேர்தல்வரை காத்திருக்க முடியாத அளவுக்கு அது வளர்ந்திருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கிழக்குப் பக்கத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. அவசரநிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு நீக்கப்பட்டது, விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் கட்சிக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். எதிர்த்தரப்பில் இருந்த அ.தி.மு.க. அவசரநிலையை ஆதரித்தது. நான்கு ஆண்டு கழித்து, 1980 பிப்ரவரி 17 அன்று அதே 356ஆம் பிரிவு எம்.ஜி.ஆர். அரசின் மீது பாய்ந்தது. அப்போது காங்கிரஸோடு கூட்டணியில் இருந்தது, 1976இல் அதே அடியை வாங்கிய தி.மு.க. மீண்டும் 1991 ஜனவரியில் தி.மு.க. அரசு நீக்கப்பட்டது, அதைக் கேட்டு வலியுறுத்தியவர்களில் அ.தி.மு.க. முன்னால் நின்றது. மூன்று முறையும் ஆயுதம் ஒன்றே, அதைப் பிடித்த கை தில்லியுடையது. அடி வாங்கியவருக்கு அது அநீதியாகவும் பார்த்தவருக்கு நீதியாகவும் தெரிந்தது. மாநில உரிமை பற்றி இந்தியாவிலேயே அதிகம் பேசிய இரண்டு கட்சிகள் அவை என்பதை நினைத்தால், எதிர்த்தரப்பின் மீதான பகை ஒரு கொள்கையை எந்த அளவுக்கு மழுங்கடிக்கும் என்பது தெரியும். அந்தப் பிரிவுக்கு உறுதியான கடிவாளம் 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பால்தான் வந்தது.

நோட்டு எழுதுபவர் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் அதே காலமே சான்று. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் 1976 மார்ச் 1 அன்று காவலர்களால் கொண்டுபோகப்பட்டார். தந்தை ஈச்சர வாரியர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் ஊருக்குச் செய்தி எட்டவில்லை. 1977 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் வட இந்தியா முழுவதும் காங்கிரஸைத் தூக்கியெறிந்தபோது, கேரளத்தின் 20 தொகுதிகளையும் காங்கிரஸ் அணியே வென்றது. தேர்தல் முடிந்து வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் ராஜன் காவலில் இறந்துபோனது வெளியே தெரிந்தது; முதல்வர் கே. கருணாகரன் பதவியேற்ற ஒரு மாதத்தில் விலக நேர்ந்தது.

சுருக்கமாக: கட்சிகள் மாறின, மாநிலங்கள் மாறின, வேலை செய்த கணக்கு மாறவில்லை. நமக்கு எதிரானவர் மீது பாய்ந்துகொண்டிருக்கும்வரை விதிமீறல் நம் கண்ணுக்கு விதிமீறலாகத் தெரிவதில்லை.

குளத்துப்புழைத் தோட்டங்களில் இருப்பவர்களின் கதை

இந்தியாவில் சுழல் இடையிலேயே நின்றது. அது முழுவதும் சுற்றி முடிந்த இடம் இலங்கை. புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976இல் தொடங்கிய மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தின் ரப்பர்த் தோட்டங்கள் குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் இருக்கின்றன. அங்கே பால் வெட்டுவதற்காகக் குடியமர்த்தப்பட்டவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர். அவர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்வி நம் தலைப்பின் நடுவே நிற்கிறது.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே ஒரு குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய வாக்குரிமையும் போனது. தோட்டத் தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு ஆளும் கட்சிக்கு எதிராக விழுந்துவந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தேர்தலை நிறுத்தாமலேயே வாக்காளரை நீக்கும் வழி இது என்பது விளங்கும். இலங்கைத் தமிழ்த் தலைவர்களிலேயே ஒரு பகுதியினர் அப்போது அரசோடு நின்றார்கள். அதை ஏற்காத செல்வநாயகம் பிரிந்து 1949 இறுதியில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ‘அது தோட்டக்காரர்களின் பிரச்சினை’ என்று ஒதுங்க முடிந்தது ஏழெட்டு ஆண்டுகளுக்குத்தான். 1956இல், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் வந்த வழியைத் தனியே பார்க்க வேண்டும். இரண்டு பெரிய சிங்களக் கட்சிகளும் முன்பு சிங்களம், தமிழ் இரண்டுக்கும் இடம் என்றே பேசிவந்தன. ஒன்று சிங்களம் மட்டும் என்றதும், தேர்தலுக்குமுன் மற்றதும் அங்கே தாவியது. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்க செல்வநாயகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அதை எதிர்த்து எதிர்க்கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஒரே கூட்டத்து வாக்குக்காகப் போட்டியிடும் கட்சிகள், யார் அதிகக் கடுமை காட்டுவது என்று ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு போவதை மிஞ்சல் போட்டி எனலாம். இதில் சமரசம் பேசுபவர் உடனே துரோகி ஆகிறார். 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. யாருடைய வாழ்க்கையைப் பற்றி அது பேசியதோ அவர்களை யாரும் கேட்கவில்லை.

பிறகு 1977இல் ஜெயவர்த்தனவின் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளைப் பெற்று, 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. 1978இல் புதிய அரசியலமைப்பு. எல்லா அதிகாரமும் ஜனாதிபதியிடம் குவிந்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது; தற்காலிகம் என்று சொல்லப்பட்டு 1982இல் நிரந்தரமானது. அது வடக்கின் தமிழ் இளைஞர்களுக்காக வந்தது என்று தெற்கில் பெரும்பாலோர் நிம்மதியாக இருந்தார்கள். 1980 அக்டோபரில் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடிமை உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அவர் சிங்களர், பெரிய எதிர்க்கட்சியின் தலைவர். ஆளும் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத ராஜினாமாக் கடிதங்களை ஜனாதிபதி வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பர் 22 அன்று, நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக, இருக்கும் நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. நீட்டிக்கலாம் என்று ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் சொன்னதாக முடிவு வந்தது. 1977இல் வாக்களித்த மக்கள் அடுத்த நாடாளுமன்றத் தேர்தலை 1989இல்தான் பார்த்தார்கள்.

இடையில் 1983 ஜூலையின் படுகொலைகளும் அதன் பிறகு போரும் வந்தன. அவற்றைத் தமிழ் வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1987 முதல் மூன்று ஆண்டுகள் தெற்கில் ஜே.வி.பி. என்ற சிங்கள இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சியை ஒடுக்கியபோது, அதே அவசரநிலை விதிகளும் அதே தடைச் சட்டமும் சிங்கள ஊர்களுக்குள் வந்தன. பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களுடைய தாய்மார்கள் முறையிடச் சென்ற இடங்கள் எல்லாம் அதற்குப் பத்து ஆண்டு முன்பே பல்லைப் பிடுங்கிவிட்டிருந்த இடங்கள்.

பூட்ஸ் சத்தம் கேட்பதில்லை

எதேச்சதிகாரம் என்றதும் ராணுவ வண்டிகள் வானொலி நிலையத்தைச் சூழும் காட்சியே நினைவுக்கு வருகிறது. இன்று அது பெரும்பாலும் அரசிதழ் வழியாக வருகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே, சட்டப்படியே, சிறிது சிறிதாகக் கட்டுப்பாடுகளைக் கழற்றுவதை ஜனநாயகத் தேய்வு என்கிறார்கள். ஹங்கேரியில் 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் விக்டர் ஓர்பானின் அணி 53 விழுக்காடு வாக்குக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பெற்றது. அந்த எண்ணிக்கையைக் கொண்டு தன் உறுப்பினர்களின் வாக்கால் மட்டுமே புதிய அரசியலமைப்பை நிறைவேற்றியது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தது. மூத்த நீதிபதிகள் ஒரேயடியாக வெளியேற, காலியிடங்களை ஆட்சி நிரப்பியது. தொகுதிகள் திருத்தி வரையப்பட்டன. ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் ஏதோ ஒரு நிர்வாகக் காரணம் இருக்கும். ‘இதில் என்ன தவறு’ என்று கேட்பவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதே அதன் வலிமை.

பிளவு இருந்தும் விழாத இடம்

இத்தனைக்கும் பிறகு கேரளத்தைப் பார்த்தால் ஒரு புதிர் எஞ்சுகிறது. ஒவ்வொரு வார்டிலும் எந்த வீடு எந்த முன்னணி என்று சொல்லிவிடக்கூடிய ஊர் அது. படிப்பகம், கூட்டுறவு வங்கி, தொழிற்சங்கம், மாணவர் சங்கம் எல்லாவற்றுக்கும் கட்சி உண்டு. கண்ணூரில் பல பத்தாண்டுகளாக அரசியல் கொலைகளும் நடந்திருக்கின்றன, அதை மழுப்ப முடியாது. ஆயினும் 1982 முதல் 2016 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி மாறியது. 2011இல் 140 இடங்களில் 72 ஒரு பக்கம், 68 மறுபக்கம். நான்கு இட வித்தியாசத்தில் தோற்ற அரசு மறு பேச்சில்லாமல் விலகியது.

என் கணிப்பில் காரணம் மக்களின் நற்குணம் இல்லை. முதலாவது, இரு முன்னணியிலும் இந்து, கிறித்தவர், முஸ்லிம் மூவரும் இருக்கிறார்கள். சிறு கட்சிகள் முன்னணி மாறுகின்றன. குறுக்குப் பிணைப்புகள் முழுவதும் அறவில்லை. இரண்டாவது, ஐந்து ஆண்டில் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை தோற்றவரைப் பொறுமையாக இருக்க வைத்தது. ஐந்து ஆண்டில் போய்விடுவோம் என்ற எதிர்பார்ப்பு வென்றவரின் கையைக் கட்டியது. கிழக்கே தமிழகத்திலும் இரு கழகத் தொண்டர்களுக்குள் கசப்பு குறைவாக இருந்ததில்லை. 1989 முதல் 2011 வரை இங்கும் ஒவ்வொரு தேர்தலும் ஆட்சியை மாற்றியது. எனவே கொடிக்கம்பச் சண்டைகளை வைத்து ஆபத்தை அளப்பது சரியான அளவுகோல் இல்லை. தோற்றவர் அடுத்த முறைக்குத் தயாராகிறாரா, வென்றவர் அடுத்த முறை வராமல் இருக்க வழி தேடுகிறாரா என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சொந்தப் பக்கம் விலகும்போது

சுழல் நின்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஆள்பவரின் பக்கத்திலிருந்தே சிலர் விலகினார்கள். அவசரநிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை 1975 ஜூலையில் மக்களவையில் முன்மொழிந்தவர் ஜகஜீவன் ராம். அவரே 1977 பிப்ரவரி 2 அன்று காங்கிரஸை விட்டு வெளியேறி எதிரணியில் சேர்ந்தார்; அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அந்த விலகலுக்குப் பெரிய பங்கு இருந்தது. பிறகு 1978இல் வந்த 44ஆவது திருத்தம், ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை எடுத்துவிட்டு ‘ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி’ என்று மாற்றி, அவசரநிலையை அறிவிப்பதைக் கடினமாக்கியது.

இலங்கையில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச 2010இல் 18ஆவது திருத்தத்தின் மூலம், ஒருவர் இரண்டு முறைக்குமேல் ஜனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பை நீக்கினார். 2014 நவம்பரில் அவருடைய அமைச்சரவையிலிருந்தும் கட்சிப் பொதுச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் மைத்திரிபால சிறிசேன வெளியேறினார். 2015 ஜனவரி 8 அன்று சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாருடைய வாக்கையும் சேர்த்துப் பெற்று வென்றார். அவ்வாண்டே வந்த 19ஆவது திருத்தம் அந்த வரம்பை மீட்டது. நாடாளுமன்றத்தை நாலரை ஆண்டுக்கு முன்னால் கலைக்கும் அதிகாரத்தையும் ஜனாதிபதியிடமிருந்து எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டு கழித்து, 2018இல், அதே சிறிசேன பிரதமரை நீக்கிவிட்டு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அந்தக் கலைப்பு செல்லாது என்றார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்காட்டியது, அவரே முன்னின்று நிறைவேற்றிய திருத்தத்தின் அந்த நாலரை ஆண்டு விதியைத்தான்.